போடிமெட்டு ஏறும் ஆர்.எக்ஸ். 100: முப்பது வருஷம் ஓட்டிய வீட்டிலிருந்து

ஏலக்காய்ச் சாம்பிளை அப்பா எப்போதும் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துத்தான் மலையிலிருந்து கொண்டுவருவார். பின்னால் நல்ல கேரியர் இருந்தது. ஆனாலும் அதில் வைக்க மாட்டார். இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, தன் வயிற்றோடு அணைத்தபடி பூப்பாறையிலிருந்து போடி வரை இறங்குவார். வண்டியின் புகைக்குப் பயந்துதான் அப்படி. பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற டூ-டி ஆயிலின் வாசனை ஏலக்காயில் ஒரு தடவை ஏறிவிட்டால் போகாது. சாம்பிளை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்க்கும் வியாபாரி மூக்கைச் சுளித்தால் கிலோவுக்குப் பத்து ரூபாய் போச்சு. ஒரு வருஷம் அப்படிப் போனதாக அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம்தான் பை டேங்க் மேல் ஏறியது.

அந்த வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100. 1995 பிப்ரவரியில் வாங்கினார். அடுத்த வருஷமே அந்த மாடல் நின்றுபோனது. 2016 வரை அப்பா ஓட்டினார். முழங்கால் வலி வந்து கிக்கர் உதைக்க முடியாமல் போனபோது சாவியை என்னிடம் கொடுத்தார். நான் தேனியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறேன். போடியிலிருந்து போக வர முப்பது கிலோமீட்டர். மாதம் ஒரு தடவையாவது போடிமெட்டு ஏறி, சாந்தன்பாறைப் பக்கம் எங்களுக்கு இருக்கிற சின்ன ஏலத்தோட்டத்துக்குப் போய் வருவேன். பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் வந்து, “அக்கா, வண்டி விக்கிறீங்களா?” என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே பெரிய நல்லது. 98 சி.சி. எஞ்சின். பிஸ்டன் அகலம் 50 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். 11 குதிரைத்திறன். வண்டியின் எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 1985-ல் இது வந்த அதே வருஷம் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100-க்கும் எஞ்சின் கிட்டத்தட்ட இதே அளவுதான், ஆனால் சக்தி ஏழு குதிரைத்திறன் சொச்சம். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு சுற்று போனால்தான் ஒரு தடவை வெடிக்கும். ஆர்.எக்ஸ். 100 டூ-ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். அந்த வித்தியாசத்தை மலையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

முந்தல் செக்போஸ்ட் தாண்டினால் ஏற்றம் தொடங்கிவிடும். பதினேழு கொண்டை ஊசி. வளைவுக்குள் இரண்டாவது கியரில் நுழைந்து, பாதி திரும்பும்போதே ஆக்ஸிலேட்டரைத் திருகினால், ஒரு கணம் மூச்சை இழுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். அப்புறம் முன்சக்கரம் லேசாகி, வண்டி தானாகவே மேலே போகும். அந்த இழுவை என் முதுகெலும்பில் தெரியும். அப்பா காலத்தில் பின்னால் நாற்பது கிலோ மூட்டை கட்டிக்கொண்டும் இப்படித்தான் ஏறியது. சத்தத்தைப் பற்றி ஊரே பேசும், நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் வண்டி புலியூத்துப் பக்கம் இறங்கும்போதே அது எங்கள் வண்டிதான் என்று அத்தைக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அத்தைக்கு அவ்வளவு காது கேட்குமா என்று சின்ன வயசில் யோசித்திருக்கிறேன். இப்போது யோசிப்பதில்லை, எனக்கே தெரிகிறது.

இறங்குவதுதான் வேறு கதை. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சின் பிடிமானம் குறைவு. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி வேகம் குறையாமல் உருண்டுகொண்டே போகும். முன்னும் பின்னும் டிரம் பிரேக், அந்தக் காலத்துக் கணக்கு அது. பத்து வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, பிடி மெலிந்துவிடும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்த வண்டியில் ஆயிலை எஞ்சினுக்குள் அனுப்புவது ஒரு சின்ன பம்ப். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திறக்கிறோமோ அதற்கு ஏற்ற அளவில்தான் அது ஆயில் விடும். முழுசாக மூடிக்கொண்டு கியரில் வேகமாக இறங்கினால், எஞ்சின் சுற்றுவது அதிகம், கிடைக்கும் ஆயில் குறைவு. அதனால் அப்பா ஒவ்வொரு வளைவு முடிந்ததும் ஆக்ஸிலேட்டரைச் சும்மா ஒரு தடவை திருகிவிடுவார். “இறங்கும்போதும் அதுக்குத் தண்ணி காட்டணும்” என்பார். நானும் திருகுகிறேன். இதைத் தெரியாமல் ஓட்டி பிஸ்டன் பிடித்துப்போன வண்டிகள் இரண்டை இந்த மலையிலேயே பார்த்திருக்கிறேன்.

மெட்டு ஏறினால் காற்று மெலிகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட அதே பெட்ரோலை மேலேயும் விடும். கலவை கெட்டியாகி, பிளக் கறுத்து, வண்டி இருமும். ஒரு பிளக்கும் பிளக் ஸ்பேனரும் பக்கவாட்டுப் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு தடவை தோண்டிமலைக்குப் பக்கத்தில் மழையில் நின்றுகொண்டு துப்பட்டாவால் மூடி பிளக் மாற்றியிருக்கிறேன். பத்து நிமிஷ வேலைதான்.

செலவைச் சொல்கிறேன். சமவெளியில் லிட்டருக்கு 38 கிலோமீட்டர், மலையில் 30. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் டூ-டி ஆயில். தம்பியிடம் யமஹா எஃப்.இசட். இருக்கிறது, பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) என்கிற இன்றைய புகை விதிப்படி செய்தது. 149 சி.சி. இருந்தும் அது லிட்டருக்கு 46 கொடுக்கிறது, ஆயிலும் குடிப்பதில்லை. முன்பெல்லாம் எந்த பங்கிலும் பெட்ரோல் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே டூ-டி ஆயிலுக்கு ஒரு சின்ன கை பம்ப் நிற்கும். இருபது ரூபாய்க்கு அடித்து ஊற்றுவார்கள். இப்போது எங்கள் பாதையில் ஒன்றுகூட இல்லை. டப்பாவாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கும்போது ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று போட்டிருப்பதையே வாங்குங்கள், அவை புகை குறைந்த ரகம். விலை கூடத்தான், பரவாயில்லை.

உதிரிபாகத்தில்தான் உண்மையான வலி. மதுரையில் ஒரு கடையில், ஜப்பானில் செய்தது என்று பெட்டியில் எழுதியிருந்த பிஸ்டன் கிட் ஒன்றை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எண்ணூறு கிலோமீட்டரில் ரிங் தேய்ந்து, காலையில் ஸ்டார்ட் ஆக இருபது உதை கேட்டது. எங்கள் மெக்கானிக் அண்ணன் அதைக் கழற்றி, சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “தாயி, பெட்டி மட்டும்தான் ஜப்பான்” என்றார். போடியில் டூ-ஸ்ட்ரோக் கைவரும் மெக்கானிக்குகள் என் சின்ன வயசில் நான்கைந்து பேர். இப்போது இவர் ஒருவர்தான், வயசு அறுபத்து மூன்று. புது எஞ்சின் வந்தால் மகனிடம் தள்ளிவிடுகிறார். மகன் லேப்டாப்பைச் செருகிப் பார்க்கிறான். அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்கிறார்.

சரி, புகைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் ஆர்.எக்ஸ். 100 பற்றி எழுதுவது நேர்மையாகாது.

2019-ல் ஒரு நாள் தேனி நேரு சிலை சிக்னலில் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர், முன்பக்கம் நாலைந்து வயசுப் பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை. நான் கண்ணாடியில் பார்த்தேன், அவள் தன் டையை எடுத்து மூக்கைப் பொத்தினாள். சிக்னல் விழுகிற வரை எடுக்கவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அப்பா ஏலக்காயைக் காப்பாற்ற முன்னால் வைத்துக்கொண்டார். பின்னால் வருகிற மனிதர்களை யார் காப்பாற்றுவது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதே இல்லை.

அந்த வாரமே புகைப் பரிசோதனைக்குப் போனேன். கார்பன் மோனாக்சைடு 3.9 சதவீதம், ஹைட்ரோகார்பன் 7,800 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. ஆனால் வண்டி தேறிவிட்டது! 2000 மார்ச் 31-க்கு முன் செய்த இருசக்கர வண்டிகளுக்கு 4.5 சதவீதமும் 9,000 பி.பி.எம்.மும் வரை அனுமதி இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு 3.5-ம் 6,000-மும். சான்றிதழ் கையில் இருந்தது, குழந்தையின் டை கண்ணில் இருந்தது.

ஏன் இவ்வளவு? ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பது போல சிலிண்டர் தலையில் வால்வு டூ-ஸ்ட்ரோக்கில் கிடையாது. எரிந்த புகை வெளியே போகும் ஓட்டையும் புதுக் கலவை உள்ளே வரும் ஓட்டையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். புதிதாக வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக ஓடிவிடும். கூடவே ஆயிலும் எரிகிறது. என்னை மலையில் தூக்கிவிடும் அதே எளிமைதான் இந்தப் புகையையும் கொடுக்கிறது. தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் விதி இறுகியபோது இந்த எஞ்சினைத் திருத்த வழியில்லாமல் போனது.

1996-ல் வந்த விதி, ஒரு இருசக்கர வண்டி கிலோமீட்டருக்கு 4.5 கிராம் கார்பன் மோனாக்சைடும், ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து 3.6 கிராமும்தான் விடலாம் என்றது. ஆர்.எக்ஸ். 100 அந்த வருஷத்தோடு விடைபெற்றது. அதே 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை வைத்து, பிஸ்டனை 58 மில்லிமீட்டராக்கி 132 சி.சி. எஞ்சின் வந்தது. அதுதான் ஆர்.எக்ஸ். 135 வரை போனது. 2000-ல் விதி இரண்டு கிராம், இரண்டு கிராம் என்று சுருங்கியது. சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வைத்துப் பார்த்தார்கள். வாங்கினவர்களில் எத்தனையோ பேர் இழுவை குறைகிறது என்று அதை வெட்டி எறிந்தார்கள். 2005-ல் பி.எஸ்.2 வந்த வருஷத்தில் அந்த வரிசையும் முடிந்தது. இன்றைய பி.எஸ்.6 விதியில் கார்பன் மோனாக்சைடு கிலோமீட்டருக்கு ஒரு கிராம், ஹைட்ரோகார்பன் அதில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், எங்கள் வண்டியை நிறுத்தியவர்கள் மேல் எனக்கு இருந்த மனத்தாங்கல் போனது. நிறுத்தியது சரி.

அதற்காகச் சட்டம் வருகிற விதமெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டி விற்கக்கூடாது என்றது. நாடு முழுக்க விற்காமல் கிடந்தவை 8.24 லட்சம் வண்டிகள், அதில் 6.71 லட்சம் இருசக்கர வண்டிகள். இரண்டே நாளில் விற்றுத் தீர்க்க ஆயிரக்கணக்கில் தள்ளுபடி. என் சித்தப்பா பையன் மார்ச் 31 இரவு ஒன்பது மணிக்கு வரிசையில் நின்று ஒரு ஸ்கூட்டர் வாங்கினான், நிறத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அப்படி விற்றவை எல்லாம் பழைய புகையோடுதானே தெருவுக்கு வந்தன? 2020-ல் பி.எஸ்.6 வந்தபோது, ஒன்றரை வருஷம் முன்பே தேதியைத் தீர்ப்பில் சொல்லிவிட்டதால் கொஞ்சம் ஒழுங்கு இருந்தது. ராயல் என்ஃபீல்டின் 500 சி.சி. வரிசை அப்போது நின்றது. என் அலுவலகத்தில் ஒருவருக்கு அதில் இன்னும் ஆறாத வருத்தம்.

தம்பியின் எஃப்.இசட். பற்றியும் சொல்ல வேண்டும். அதே எஞ்சின் பி.எஸ்.4-ல் 13.2 குதிரைத்திறன் கொடுத்தது, பி.எஸ்.6-ல் 12.4. அந்தக் குறைவை ஓட்டுகிறவர்கள் உணர்கிறார்கள், தம்பியும் சொல்வான். ஆர்.எக்ஸை விட முப்பது கிலோவுக்கு மேல் கனம். வளைவிலிருந்து வெளியே வரும்போது அது பொறுமையாகத்தான் எழும்பும். ஆனால் டிசம்பர் காலையில் மெட்டில் பனி மூடியிருக்கும்போது ஒரு பட்டனில் ஸ்டார்ட் ஆகிறது. எவ்வளவு உயரம் போனாலும் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது, இருமல் இல்லை. இறங்கும்போது டிஸ்க் பிரேக். ஒரு தடவை தோட்டத்திலிருந்து ஏலக்காயை அதன் பின்சீட்டில் கட்டிக் கொண்டுவந்தான். அப்பா மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். திரும்ப முகர்ந்தார். “ஒண்ணும் இல்லப்பா” என்றார், நம்ப முடியாத மாதிரி.

என் வண்டிக்கு நான் செய்ததைச் சொல்கிறேன், வாங்குகிறவர்களுக்கு உதவும். சிலிண்டரைக் குடைந்து போர் போட்டு, 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் ஏற்றினேன், இந்தத் தடவை அண்ணன் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தது. கிராங்க் ஆயில் சீல் இரண்டையும் மாற்றினேன். அந்த சீல் கிழிந்தால் கியர் ஆயிலையும் எஞ்சின் உறிஞ்சி எரிக்கும், வெள்ளைப் புகை நிற்காது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். ஆயில் பம்ப் அளவைக் குறித்த அளவுக்குக் கொண்டுவந்தோம். பயந்துபோய் கூட்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம், பாதிப் புகை அதனால் வருகிறது. சைலன்சரைக் கழற்றிக் கரியைச் சுரண்டி எடுத்தோம். மொத்தம் 14,600 ரூபாய், அண்ணன் கூலி உட்பட. மறுபடி சோதித்தபோது 2.6 சதவீதம், 4,900 பி.பி.எம். இது சுத்தமான வண்டி ஆகிவிடவில்லை, எனக்குத் தெரியும். தம்பி வண்டியோடு ஒப்பிட்டால் இன்னும் வெட்கம்தான். ஆனால் முன்பிருந்ததற்கு இது மேல்.

வெளிச் சைலன்சர் போட்டு ஊரை அதிரவைக்கிற தம்பிமார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். சத்தமும் கூடுகிறது, டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வடிவம் மாறினால் எரியாத பெட்ரோல் போகிற கணக்கும் மாறுகிறது. கம்பெனி சைலன்சரிலேயே இந்த வண்டி அழகாகப் பாடும்.

ஆவணம் முக்கியம். பதினைந்து வருஷம் முடிந்தால் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரலில் இருசக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் 300-லிருந்து ஆயிரம் ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு இரண்டாயிரம் ஆக்கிவிட்டார்கள். நான் 2025 பிப்ரவரியிலேயே புதுப்பித்துவிட்டேன், அடுத்தது 2030. டெல்லிப் பக்கம் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடவே கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நம் ஊரில் அப்படி இல்லை, ஆனால் ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டி இந்த மாடலில் ஏராளம். எத்தனால் கலந்த பெட்ரோலும் புதுத் தொல்லை. பழைய கார்புரேட்டரின் ரப்பர்கள் ஊறி உப்புகின்றன. ஒரு மாசம் ஓட்டாமல் வைத்தால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

யார் வாங்கலாம்? கையில் கிரீஸ் படுவதைப் பொருட்படுத்தாதவர்கள், பக்கத்தில் ஒரு பழைய மெக்கானிக் இருப்பவர்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டினால் போதும் என்பவர்கள். தினசரி நகரத்துக்குள் நெரிசலில் போகிறவர்கள் வாங்காதீர்கள், அந்த நெரிசலில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். நானும் போன வருஷத்திலிருந்து வேலைக்குப் பேருந்தில் போகிறேன். வண்டி மலைக்கு மட்டும். யமஹா அந்தப் பெயரில் பெரிய எஞ்சினோடு புதிதாக ஒன்று கொண்டுவரலாம் என்று பேச்சு வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். புகை வருமா என்று கேட்டார். வராது என்றேன். “அப்போ சாம்பிளைப் பின்னாலேயே வைக்கலாம்” என்றார்.

0.50-க்கு அடுத்து 0.75, அதற்கடுத்து 1.00, அப்புறம் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்கிற புது உறை அடிக்க வேண்டும். அண்ணன் ஒரு 0.75 பிஸ்டனை எண்ணெய்த் தாளில் சுற்றி, மேலே என் பெயரை எழுதி, அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.